ஒன்பதாம் வரிக்குப் பெட்டி கிடையாது

போன மாதம் நான் முன்பு வேலை செய்த மின்நிலையத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் சென்னையிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் பெண் பொறியாளர். நான் அவரைப் பார்த்ததில்லை. "அக்கா, கேஸ் குழாயைத் திறப்பதற்கு முன் நாங்கள் பயன்படுத்தும் பட்டியலின் அடியில் உங்கள் பெயர் இருக்கிறது. பத்தொன்பது வரிகளில் பதினெட்டுக்கு டிக் போடப் பெட்டி இருக்கிறது. ஒன்பதாம் வரிக்கு மட்டும் மூன்று வெற்றுக் கோடுகள்தான். அச்சுப் பிழையா? நான் பெட்டி சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருந்தார்.

சேர்க்க வேண்டாம் என்று அன்றே பதில் போட்டுவிட்டேன். காரணத்தை ஒரு மின்னஞ்சலில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளும் வயது எனக்கில்லை. முப்பத்திரண்டுதான் ஆகிறது. ஆனால் களவேலையை விட்டு வந்தபோது, இனித் திரும்பிப் போவதில்லை என்று தெரிந்தே வந்தேன். இப்போது மொண்ட்ரியலுக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் வரைந்த வரைபடங்களைச் சரிபார்க்கிறேன். இங்கே நான் தவறினால் காகிதம்தான் கெடும்.

திருச்சியில் இயந்திரவியல் படித்தேன். மேற்படிப்புக்குக் கனடாவின் மொண்ட்ரியல் நகருக்கு வந்தேன். முதல் குளிர்காலத்தில் பனியில் நடக்கக் கற்றுக்கொண்டேன், இரண்டாவதில் பிரெஞ்சு. மூன்றாவதில் வேலை கிடைத்தது. நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இயற்கை எரிவாயுவில் ஓடும் ஒரு சிறிய மின்நிலையம். குளிர் உச்சத்துக்குப் போய், ஊரே ஒரே நேரத்தில் ஹீட்டரைக் கூட்டும் நாட்களில் அதற்கு வேலை. அப்போது அங்கே ஒரே ஒரு டர்பைன்தான் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாவதைச் சேர்ப்பது திட்டம். அந்த விரிவாக்கத்துக்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

என் வேலை பட்டியல் போடுவது. எந்த வால்வை எப்போது திறப்பது, யார் எங்கே நிற்பது, எது முடிந்தபின் எதைத் தொடுவது. சின்ன வயதிலேயே எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. தேர்வுக்குப் போகும் முன் பேனா, ஹால் டிக்கெட், தண்ணீர் என்று உள்ளங்கையில் எழுதிக்கொள்வேன். அந்தப் பழக்கத்துக்குச் சம்பளம் கிடைத்தது என்றுதான் நினைத்தேன்.

என் மேலதிகாரி ழில்பேர். ஐம்பதைத் தாண்டியவர், ஒரு முழங்கால் மடங்காது, குரலை உயர்த்த மாட்டார். கேஸ் தொடர்பான எந்த வேலைக்கும் முன்னால் எங்களை வாயிற்கதவருகே வரிசையாக நிறுத்துவார். ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை உண்டு. உள்ளே போகிறவர் தன் வில்லையைத் தன் கையாலேயே பலகையில் மாட்ட வேண்டும், வெளியே வரும்போது தானே எடுக்க வேண்டும். அடுத்தவர் வில்லையைத் தொட்டால் அன்று வேலை நின்றுவிடும். பிறகு பட்டியலை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிப்பார். நான் ஏற்கெனவே டிக் போட்டு, பக்கத்தில் நேரமும் எழுதியிருப்பேன். அது அவருக்குப் போதாது. ஒவ்வொரு வரிக்கும் தலையை நிமிர்த்தி ஒரே கேள்வி கேட்பார்: "பார்த்தாயா?"

பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் மறுபடியும் கேட்பார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர் சேவியர் அண்ணை. இலங்கை மன்னார்க்காரர், குழாய் வேலையில் எங்கள் நிலையத்திலேயே அவரைப் போல ஆள் கிடையாது. நகரத்தின் மறுகோடியில், ரொக்ஸ்பரோவில் மனைவி றெஜினா அக்காவுடனும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தார். நிலையத்தில் தமிழ் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள். என் தமிழைக் கேட்டால் ரேடியோச் செய்தி கேட்பது போல இருக்கிறது என்பார். என் பட்டியல்களைக் கேலி செய்யாத நாளே இல்லை.

"தங்கச்சி, மூச்சு விடுறதுக்கும் உம்மட்டை லிஸ்ட் இருக்கோ?" என்று ஒருமுறை கேட்டார்.

"இன்னும் போடலை. போட்டா முதல் காப்பி உங்களுக்குத்தான் அண்ணை."

அதை வைத்து நாங்கள் வாரக்கணக்கில் சிரித்தோம்.

இரண்டாவது டர்பைனுக்கான புதுக் குழாய் இலையுதிர் காலத்தில் பொருத்தி முடிந்தது. வாயிலிலிருந்து புது யூனிட் வரை ஏறக்குறைய இருநூறு மீட்டர். புதுக் குழாய்க்குள் காற்று இருக்கும். அதில் நேரே கேஸை விட்டால் இரண்டும் கலந்து வெடிக்கக்கூடிய கலவையாகிவிடும். அதனால் முதலில் நைட்ரஜனை விட்டுக் காற்றைத் தள்ளுவோம். ஒரு முனையில் நைட்ரஜன் லாரி நிற்கும். மறுமுனையில் ஆள் உயரத்தில் ஒரு வெளியேற்றுக் குழாய். அங்கே ஒருவர் நின்று, வெளியே வருவதில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். வெளிக்காற்றில் இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் தொடங்கும் எண், இரண்டுக்குக் கீழே இறங்கினால் குழாய் தயார்.

நைட்ரஜனைக் கண்டு எங்களில் யாருக்கும் பயமில்லை. அது எரியாது, நாறாது, துருப்பிடிக்க வைக்காது. கேஸ் வேலை செய்கிறவர்களுக்குப் பயம் என்றால் நெருப்புதான். நெருப்பைத் தடுக்க வருவது நைட்ரஜன், அதனால் அது நம் பக்கத்து ஆள் என்று நினைப்போம். மூச்சுக் காற்றைத் தள்ளிவிட்டு அது நிரம்பினால் ஆள் போதையேறியது போல, ஒன்றும் உணராமலே விழுந்துவிடுவார் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அது மூடிய தொட்டிகளுக்கும் அறைகளுக்கும் உரிய பாடம். எங்கள் வெளியேற்றுக் குழாய் திறந்த வெளியில் இருந்தது. என் பட்டியலின் ஒன்பதாம் வரி அதைத்தான் சொன்னது: "வெளியேற்றுக் குழாயைச் சுற்றித் திறந்த வெளி, தடுப்பு எதுவும் இல்லை." அதை நான் கோடையில் எழுதினேன். சுற்றிலும் புல்தான் இருந்தது.

டிசம்பரில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் முன்னோட்டமாகச் செய்து பார்த்தோம். வெளியேற்று முனையில் நின்று அளந்தவள் நான். இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, என் பேனா மை உறைந்து எழுதவில்லை. விரல்களும் அப்படித்தான். இரண்டு, சுற்றியுள்ள காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் எச்சரிக்க எல்லோரும் உடம்பில் மாட்டியிருக்க வேண்டிய மீட்டர் குளிர் தாங்காமல் காரணமின்றி அலறியது. இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. அதற்கு எல்லோரும் செய்யும் வைத்தியமும் ஒன்றுதான், மீட்டரைக் கோட்டுக்குள் போட்டுக்கொள்வது. உடம்புச் சூட்டில் அது அமைதியாகிவிடும். அன்று நானும் போட்டுக்கொண்டேன். கோட்டுக்குள் இருக்கும் மீட்டர் கோட்டுக்குள் இருக்கும் காற்றைத்தான் அளக்கும் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை.

அன்று சேவியர் அண்ணை என் கைகளைப் பார்த்தார். "இப்பிடி நிண்டா விரல் போயிடும் பிள்ளை. அடுத்தமுறை ஏதும் செய்வம்" என்றார். சரி அண்ணை என்றேன். அதோடு மறந்துவிட்டேன்.

முழுக் குழாய்க்கான நாள் ஜனவரியில் வந்தது. முந்தின நாள் மதியம் நான் வெளியேற்று முனைவரை நடந்துபோய்ப் பார்த்தேன். பனி, குழாய், வானம். வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலையில் காற்று பனித்தூளைக் கிளப்பிக்கொண்டிருந்தது. நைட்ரஜன் லாரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. தன் தாள்களில் பொறியாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும், வேலை முடியும்வரை பக்கத்திலும் இருக்க வேண்டும் என்றார் ஓட்டுநர். அதனால் ழில்பேர் இடங்களை மாற்றினார். லாரி முனைக்கு நான், என் இடமான வெளியேற்று முனைக்குச் சேவியர் அண்ணை.

நான் வாயிலருகே இருந்த சிறிய மரக் குடிசையில் உட்கார்ந்து பட்டியலைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். ஒன்பதாம் வரி வந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. போய்வரப் பத்து நிமிடம் ஆகும். நேற்றுத்தான் பார்த்தேன். திறந்தவெளி ஒரே இரவில் எங்கே போகும்? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எட்டு நாற்பது என்று எழுதி டிக் போட்டேன்.

வாயிலில் வில்லைகளை மாட்டினோம். ழில்பேர் வாசித்தார். ஒன்பதாம் வரியில் நிமிர்ந்தார். "பார்த்தாயா?"

"பார்த்தேன்."

பொய் சொல்லுகிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கலங்க வைக்கிறது.

ஒன்பது இருபதுக்கு நைட்ரஜனைத் திறந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவியர் அண்ணையின் குரல் வந்தது. நான் கட்டங்களில் எழுதினேன். இருபத்தொன்று. பதினேழு. பதினொன்று. எண்கள் அழகாக இறங்கின. வாக்கி-டாக்கியில் எல்லோருக்கும் கேட்கும் என்பதால் அவர் எப்போதும் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவார். ஒன்பது நாற்பதுக்கு வந்த குரல் தமிழில் வந்தது. "ஆறு, தங்கச்சி. ஆறு, ஆறு." சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணை இன்று நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். ஆறு என்று எழுதினேன்.

ஒன்பது நாற்பத்தைந்துக்குக் குரல் வரவில்லை.

குளிரில் வாக்கி-டாக்கி பேட்டரி சாவது தினமும் நடப்பது. நான் இரண்டுமுறை கூப்பிட்டேன். கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தை எனக்குப் பிடிக்காது. பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நாற்பத்தாறு. நாற்பத்தேழு. அந்த இரண்டு நிமிடங்களை நான் பலமுறை திரும்ப எண்ணியிருக்கிறேன்.

பிறகு ழில்பேரிடம் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மூடு" என்றார். லாரி வால்வு மூடியது. சுவாசக் கருவி முதல் யூனிட் கட்டடத்தில் இருந்தது. மடங்காத காலை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தபடியே என்னிடம் சொன்னார்: "போ. ஆனால் எதற்குள்ளும் நுழையாதே. அவர் செத்திருந்தாலும் நுழையாதே."

எதற்குள் நுழைய, அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பனிக்குள் ஓடினேன். பாதி தூரத்தில் அது தெரிந்தது.

வெள்ளைத் தார்ப்பாய்க் கூடாரம். இங்கே வீடுகளின் முன்னால் காரைப் பனியிலிருந்து மறைக்க அடிப்பார்களே, அதுபோல, ஆனால் சின்னது. நான்கு கம்பங்கள், சுற்றிலும் மேலேயும் தார்ப்பாய், இழுத்துக் கட்டியிருந்தது. வெளியேற்றுக் குழாய் முழுவதும் அதற்குள் இருந்தது. வெளிச்சம் பின்பக்கத்திலிருந்து வந்ததால் உள்ளே இருந்தவரின் நிழல் தெரிந்தது. உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உள்ளேயிருந்து, துணிக்குள் அமுங்கிய மாதிரி, மீட்டர் அலறும் சத்தம் கேட்டது.

கூடாரத்தின் வாசல் துணி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நுழைந்து இரண்டடி வைத்தால் அவர் தோளைப் பிடித்துவிடலாம். என் கால்கள் அதற்குத் தயாராக இருந்தன. நுழைந்திருந்தால் அவர் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்திருப்பேன். பையில் டேப் வெட்டும் கத்தி இருந்தது. காற்று வரும் பக்கத்துக்குப் போய், கைக்கெட்டிய உயரத்திலிருந்து தரைவரை தார்ப்பாயைக் கிழித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கிழி. மீதியைக் காற்றே செய்தது. தார்ப்பாய் ஒரு பெரிய சத்தத்தோடு கம்பத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போனது.

உதடுகள் நீலமாக இருந்தன. முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. தோளைப் பிடித்து வெளியே இழுத்தேன். எவ்வளவு தூரம் இழுத்தேன் என்று தெரியவில்லை. ழில்பேர் கருவியோடு வந்தபோது சேவியர் அண்ணையின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்கு முன்போ பின்போ அவ்வளவு அசிங்கமான, அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

தார்ப்பாய்க்கும் பனிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்ததாம். சாய்ந்தபோது அவர் முகம் அதன் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதன் வழியே வந்த காற்றில்தான் பிழைத்தார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

விசாரணை தொடங்கியது. கூடாரம் அடித்தது யார் என்ற கேள்விக்குச் சேவியர் அண்ணை உடனே தான்தான் என்றார். முந்தின நாள் மாலை அடித்ததாகச் சொன்னார். விசாரித்தவர்கள் என் பட்டியலை எடுத்து வைத்தார்கள். மறுநாள் காலை எட்டு நாற்பதுக்குப் பொறியாளர் நேரில் பார்த்திருக்கிறார், தடுப்பு எதுவும் இல்லை. அப்படியானால் கூடாரம் அதற்குப் பிறகு, வேலை தொடங்கப்போகும் நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் அடிக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு வேலை போகும் அளவுக்கு அது பெரிய குற்றம்.

இதெல்லாம் எனக்கு உடனே தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. ஒன்பது நாட்கள் அந்த டிக் அப்படியே இருந்தது. யாராவது என்னிடம் கேட்பார்கள், கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. தாளில் இருந்தது, அது போதும். பத்தாம் நாள் ழில்பேர் போகிற போக்கில் சொன்னார்: சேவியர் தன் வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டார். எப்போது அடித்தேன் என்று நிச்சயமில்லை என்கிறார்.

அந்தச் சனிக்கிழமை ரொக்ஸ்பரோவுக்கு ரயில் ஏறினேன். ஸ்டேஷனிலிருந்து அவர் வீட்டுக்கு நடக்கும் தெருவில் வாசலுக்கு வாசல் வெள்ளைக் கூடாரம். ஒவ்வொன்றிலும் நிழல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்த றெஜினா அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். தன் புருஷனின் உயிரைக் காப்பாற்றியவள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அவர்கள் பிரெஞ்சில் நன்றி சொன்னார்கள். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. அக்கா குரலைத் தாழ்த்தி, "அவர் சரியில்லை தங்கச்சி. உடம்பு சுகம்தான். தலைதான் பிழைச்சுப் போச்செண்டு பயப்பிடுறார். வந்து பாருமன்" என்றார்.

சேவியர் அண்ணை சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பிள்ளைகளின் பள்ளி நோட்டு ஒன்று. அதில் பட்டியல். பிள்ளைகளின் பிறந்தநாள், தங்கச்சிமாரின் பெயர்கள், கலியாண நாள், முதல் வேலை செய்த இடம், பழைய தொலைபேசி எண்கள். தன் நினைவிலிருந்து எழுதி, றெஜினா அக்காவிடம் கேட்டு, சரியென்றால் டிக் போட்டிருந்தார். பக்கம் பக்கமாக டிக்.

"உம்மடை வியாதி எனக்கும் தொத்திப்போட்டுது" என்று சிரிக்கப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் வருது தங்கச்சி. ஒண்டுதான் பிழைக்குது."

கடைசி வரியைக் காட்டினார். "கூடாரம், எப்ப?" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒன்றுமில்லை.

"பின்னேரம் அடிச்சதுதான் எனக்கு ஞாபகம். கயிறு கட்டேக்கை இருட்டினது, வீட்டை வந்து கை சூடாக்கினது, எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா காலமை நீர் போய்ப் பாத்திருக்கிறீர், ஒண்டும் இல்லை எண்டு லிஸ்ட்டிலை இருக்கு. நீர் பாக்காமல் டிக் போடமாட்டீர். அப்ப என்ரை மூளைதான் எதையோ மாத்தி வைச்சிருக்கு. இது பிழையெண்டால் இன்னும் எது எது பிழையோ தெரியேல்லை."

றெஜினா அக்கா கெட்டிலில் தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிட்டு நின்றார்.

"நான் போகலை அண்ணை" என்றேன். "அன்னைக்குக் காலையில நான் போய்ப் பார்க்கவே இல்லை. குடிசையில உட்கார்ந்து டிக் போட்டேன். கூடாரம் முந்தின நாள் சாயங்காலத்துல இருந்தே அங்கேதான் இருந்திருக்கு. உங்க ஞாபகம் சரி."

அவர் பேனாவை எடுத்து அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் மெதுவாக டிக் போட்டார். "அப்ப என்ரை தலை சரி" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். அக்கா உள்ளே போய்விட்டார். அன்று அவர் மறுபடி வெளியே வரவில்லை.

"ஹீட்டர்கூட வைக்கேல்லை நான்" என்றார் அண்ணை. "கேஸ் வாற இடமெண்டு யோசிச்சு, காத்தை மட்டும்தான் மறைச்சனான். பிழையெண்டால் காலமை நீர் வந்து பாத்துக் கழட்டச் சொல்லுவீர்தானே எண்டு நினைச்சன். வாசலிலை பாத்தனெண்டு சொன்னீர், அப்ப பிழையில்லைப்போலை எண்டு உள்ளை போனன்." என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏன் தங்கச்சி வரேல்லை?"

உண்மையைத்தான் சொல்ல முடிந்தது. "குளிர் அண்ணை."

"அதுக்குத்தானே கூடாரம் அடிச்சனான்" என்றார். குரலில் கோபமே இல்லை. "அங்கை நீர்தான் நிக்கிறதா இருந்தது."

திங்கட்கிழமை நடந்ததை ஒரு தாளில் எழுதி ழில்பேரிடம் கொடுத்தேன். படித்தார். நேரம் போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். போட்டேன். கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு, "ஆறு வருடமாக நான் கேட்டதற்கெல்லாம் நீ பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறாய், இனி அவற்றையெல்லாம் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு வாரம் அவரோடு உட்கார்ந்து என் பழைய பட்டியல்களைப் புரட்டினேன். நேரில் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய முடியாத வரிகளுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னார். எத்தனை புள்ளிகள் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

சேவியர் அண்ணையின் வேலை தப்பியது. மீட்டரைக் கோட்டுக்குள் வைத்ததற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. எனக்கும் ஒரு கடிதம் வந்தது. வசந்தத்தில் வெளியேற்றுக் குழாயை மூன்று ஆள் உயரத்துக்கு உயர்த்தி எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். அன்று காலை நான் அதன் முன்னால் போய் நின்று நன்றாகச் சுற்றிப் பார்த்தேன். எழுதிக்கொண்டு திரும்பி நடந்தேன். பத்தடி போனதும், என் முதுகுக்குப் பின்னால் ஏதாவது மாறியிருக்குமோ என்று தோன்றியது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். மறுபடி நடந்தேன். மறுபடி திரும்பினேன். எட்டு நாற்பதுக்குப் பார்த்தது எட்டு நாற்பத்தொன்றுக்கு எப்படி உண்மையாகும்? ஏழாவது தடவை ழில்பேர் வந்து என் கையிலிருந்து பட்டியலை வாங்கிக்கொண்டார். முதுகைத் திருப்ப முடியாதவளால் அந்த வேலையைச் செய்ய முடியாது. இரண்டாவது டர்பைன் ஓடத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, என் பித்தளை வில்லையை ஒப்படைத்தேன்.

போகும் முன் பட்டியலைத் திருத்திக் கொடுத்தேன். ஒன்பதாம் வரி இப்போது இப்படி இருக்கும்: "வெளியேற்றுக் குழாயின் முன்னால் போய் நில். இன்று என்ன பார்த்தாய் என்று எழுது." அதற்குத்தான் அந்த மூன்று கோடுகள். பனி எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், யாருடைய காலடித் தடம் என்று எதையாவது எழுத வேண்டியிருக்கும். குடிசையில் உட்கார்ந்து அதை எழுத முடியாது.

அதனால், தங்கையே, பெட்டி சேர்க்காதே. பெட்டி இருந்தால் அந்தக் குளிரில் நான் போக மாட்டேன். நீயும் போக மாட்டாய்.